பொத்தானின் பெயர் இல்லாத வாக்கியங்கள்

2014-இல் பால் கொள்முதலுக்கான ஒரு செல்பேசிச் செயலியைச் சோதிக்கும் வேலை எங்கள் குழுவுக்கு வந்தது. ஈரோட்டுப் பக்கத்துக் கிராமங்களில் கொள்முதல் நிலையங்கள் வைத்திருந்த ஒரு பால் நிறுவனத்துக்காக எழுதப்பட்ட செயலி அது. மாடு வளர்ப்பவர்கள் காலையிலும் மாலையிலும் போசியில் பால் கொண்டுவந்து ஊற்றுவார்கள். அளவு, கொழுப்பு, இதர சத்து ஆகிய மூன்றையும் வைத்து விலை கணக்கிட்டு, கையோடு ஒரு சீட்டு அடித்துத் தரவேண்டும். அதுவரை நோட்டுப் புத்தகத்திலும் கால்குலேட்டரிலும் நடந்துவந்த கணக்கு செல்பேசிக்கு மாறவிருந்தது. சீட்டில் ஓர் எண் பிசகினால் பட்டுவாடா நாளில் ஒரு வீட்டின் வரவு பிசகும். அதற்கு முன் நான் சோதித்த செயலிகளில் பிழை என்றால் யாருக்கோ எரிச்சல், அவ்வளவுதான். இங்கே பிழை என்றால் ஒருவருடைய பணம். அந்த எண்ணம்தான் நான் சோதனைகளை எழுதும் விதத்தையே மாற்றியது.

அப்போது எங்களிடம் இருந்த முறை பெரும்பாலான அலுவலகங்களில் இருந்ததுதான். எக்செல் தாளில் வரிசையாகச் சோதனைகள் இருக்கும். புதிய பில்டு வரும்போதெல்லாம் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டு கையால் ஓட்டுவோம். எந்த வரியை எடுத்தாலும் ‘இந்தப் பெட்டியில் எண்ணை இடு, அந்தப் பொத்தானை அழுத்து, இந்தத் திரை வரவேண்டும்’ என்றே இருக்கும். பால் ஊற்ற வருபவர் அந்தத் தாளில் எங்குமே இல்லை. நிறுவனத்துக்காரர்களிடம் தாளைக் காட்டினால் மரியாதைக்குப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். தங்கள் தொழிலைப் பற்றி அதில் ஏதோ எழுதியிருக்கிறது என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை.

நடத்தை வழி மேம்பாடு என்ற முறையை அந்தச் சமயத்தில்தான் நாங்கள் ஊன்றிப் படித்தோம். தொழிலில் பி.டி.டி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். லண்டனில் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் இருந்த டான் நார்த் இதைத் தொடங்கிவைத்தார். நிரல் எழுதுவதற்கு முன்பே அதற்கான சோதனையை எழுதும் பழக்கத்தை அவர் சொல்லிக்கொடுத்தபோது, கற்றவர்கள் அவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: எங்கே தொடங்குவது, எதைச் சோதிப்பது, எதை விட்டுவிடுவது? சோதனை என்ற கோணத்தை விட்டு, இந்த மென்பொருள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கேட்டால் விடை எளிதாகக் கிடைப்பதை அவர் கண்டார். 2003-இல் ஜேபிஹேவ் என்ற கருவியை எழுதத் தொடங்கினார். கிறிஸ் மாட்ஸ் என்பவரோடு சேர்ந்து, எந்த நடத்தையையும் மூன்று பகுதியாகச் சொல்லும் வடிவத்தை உருவாக்கினார். முதலில் நிலைமை, அடுத்து நிகழ்வு, அதன்பின் விளைவு. 2006-இல் அவர் எழுதிய கட்டுரை இந்த முறையைப் பரவலாக்கியது. 2008-இல் நார்வேக்காரரான அஸ்லாக் ஹெல்லசோய் குக்கம்பர் என்ற கருவியை வெளியிட்டார். மூன்று பகுதி வாக்கியங்களைச் சாதாரண மொழியில் ஒரு கோப்பில் எழுதினால், குக்கம்பர் அதை வரி வரியாகப் படித்து, ஒவ்வொரு வரிக்கும் உரிய நிரலை ஓட்டும். அந்தக் கோப்பின் இலக்கணத்துக்குக் கெர்கின் என்று பெயர்; அதில் ஒரு நடத்தையைச் சொல்லும் வாக்கியத் தொகுப்பே காட்சி.

செல்பேசிச் செயலிகளில் குக்கம்பரை ஓட்ட அன்று எங்களுக்குக் கிடைத்தது கலாபாஷ். டென்மார்க்கிலிருந்த லெஸ்பெயின்ஃபுல் என்ற சிறு நிறுவனம் உருவாக்கிய திறமூலக் கருவி. 2013-இல் அந்த நிறுவனத்தை ஸாமரின் என்ற நிறுவனம் வாங்கியிருந்தது. ஆண்ட்ராய்டில் அது வேலை செய்த விதம் சுவையானது. சோதனைக்கென்று ஒரு சிறிய சர்வரைத் தனிச் செயலியாகச் செல்பேசியிலேயே நிறுவிவிடும். கணினியில் ஓடும் ரூபி நிரல் அந்தச் சர்வரோடு பேசி, திரையில் என்ன இருக்கிறது என்று கேட்கும். தொடு, எழுது, உருட்டு என்று சொல்லும். இதற்கு இரண்டு நிபந்தனைகள் இருந்தன. செயலிக்கு இணைய அனுமதி இருக்கவேண்டும். செயலியும் சோதனைச் சர்வரும் ஒரே சாவியால் கையொப்பமிடப்பட்டிருக்க வேண்டும். புதிதாக வந்தவர்கள் தடுமாறிய இடம் பெரும்பாலும் இந்தக் கையொப்பம்தான். அதைத் தாண்டிவிட்டால், நாம் எழுதிய வாக்கியத்துக்கு ஏற்பத் திரை தானாக நகர்வதைப் பார்க்கலாம். முதன்முறை பார்த்தபோது எங்கள் அறையில் எல்லோரும் எழுந்து வந்து நின்றார்கள்.

ஆனால் கருவி ஓடுகிறது என்பதற்காக எழுதிக் குவிக்கவேண்டாம் என்று முடிவு செய்தோம். முதலில் ஒரு கொள்முதல் நிலையத்துக்குப் போனோம். நான், செயலியை எழுதிய டெவலப்பர், முன்பு கிராமங்களில் சூப்பர்வைசராக இருந்து அப்போது தலைமை அலுவலகத்துக்கு மாறியிருந்த நிறுவனத்து அதிகாரி, ஆக மூன்று பேர். நிலையத்தை நடத்திவந்த அக்கா விடிவதற்கு முன்பே கதவைத் திறந்து கேன்களைக் கழுவி வைத்திருந்தார். வரிசை வேகமாக நகர்ந்தது. பால் அளந்து, மாதிரி எடுத்து, கொழுப்பு அளக்கும் எந்திரத்தில் வைத்து, எண்ணைப் பார்த்து, சீட்டைக் கிழித்துக் கொடுப்பதற்குள் அடுத்தவர் போசியைத் தூக்கி மேசைமேல் வைத்துவிடுவார். பால் வண்டி வந்துவிட்டால் நேரமே இல்லை.

கூட்டம் குறைந்ததும் டெவலப்பர் கேட்டார்: “டவர் கிடைக்காதப்ப என்னக்கா பண்ணுவீங்க?”

“டவரா? காலையில இங்க என்னிக்குங்க தம்பி டவர் இருந்துச்சு? மழை பேஞ்சா கரண்டும் இருக்காதுங்க. நோட்டுல எழுதிக்குவனுங்க. ஆனா ஒண்ணுங்க, கையில சீட்டு வாங்காம ஒருத்தரும் நகர மாட்டாங்க. பேத்திகிட்டக் காட்டிப் படிக்கச் சொல்லுவாங்க. அந்தச் சீட்டுதானுங்க அவங்களுக்கு நம்பிக்கை.”

அந்தப் பதில் எங்கள் வேலையின் அடித்தளமாயிற்று. இணையம் இல்லாமல் இயங்குவதைக் கூடுதல் வசதி என்றே அதுவரை செயலியின் ஆவணத்தில் கடைசிப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். நிலையத்தில் அதுதான் அன்றாடம். ஊர் திரும்பியதும் முதல் காட்சியை இப்படி எழுதினோம்:

காட்சி: இணையம் இல்லாத வேளையில் பால் ஊற்றுதல்
* நிலையத்தில் இணைய இணைப்பு இல்லை
* ஓர் உறுப்பினர் 5 லிட்டர் பால் ஊற்றுகிறார்
* கொழுப்பு 4.2, இதர சத்து 8.4 எனப் பதிவாகிறது
* அவருக்கு உரிய தொகையுடன் சீட்டு அச்சாகிறது
* இணைப்பு திரும்பியதும் அந்தப் பதிவு ஒரே ஒரு முறை தலைமை அலுவலகத்தைச் சேர்கிறது

கடைசி வரியில் ‘ஒரே ஒரு முறை’ என்று சேர்க்கச் சொன்னவர் அந்த அதிகாரி. பதிவு போய்ச்சேர்ந்து, சேர்ந்தது என்ற பதில் திரும்பும் வழியில் இணைப்பு அறுந்தால் செயலி மறுபடியும் அனுப்பும். அப்போது ஒருவருடைய பால் இரண்டு முறை கணக்கில் ஏறிவிடும். நிரல் எழுதத் தெரியாத ஒருவர், பட்டுவாடா நாளின் சண்டைகளைப் பார்த்துப் பழகியவர் என்பதால் சொன்ன வார்த்தை அது. டெவலப்பர் அன்றே ஒவ்வொரு பதிவுக்கும் செல்பேசியிலேயே ஒரு தனி அடையாள எண் கொடுத்து, சர்வர் அதை வைத்து இரட்டிப்பைத் தள்ளிவிடும்படி வடிவமைத்தார். அந்தக் காட்சிக்கான ஒரு வரி நிரல்கூட எழுதுவதற்கு முன்பே ஒரு பெரிய பிழை அடைபட்டது. பி.டி.டி. என்றால் கருவி என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இந்த நிகழ்ச்சியைத்தான்.

இன்னொன்று விலைக் கணக்கு. கொழுப்பு 0.1 கூடினால் விலை ஒரு படி ஏறும் என்று விலைப்பட்டியல் இருந்தது. எந்திரமோ தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் காட்டும். 4.05 என்று வந்தால் 4.0-க்கு உரிய விலையா, 4.1-க்கு உரியதா? கொள்முதல் நிலையத்து அக்கா இரண்டாவது இலக்கத்தை விட்டுவிடுவதாகச் சொன்னார். அதிகாரி, ஐந்தும் அதற்கு மேலும் என்றால் அடுத்த படிக்கு ஏற்ற வேண்டும் என்றார். இரண்டு பேருமே தாங்கள் செய்வதுதான் எங்கும் வழக்கம் என்று நம்பியிருந்தார்கள். நிறுவனத்தில் பேசி, ஏற்றுவதே விதி என்று எழுத்தில் வாங்கினோம்; மாடு வைத்திருப்பவருக்கு அது நியாயமானதும்கூட. பிறகு கெர்கினில் எடுத்துக்காட்டு அட்டவணை ஒன்றைப் போட்டோம். 4.04 என்றால் 4.0, 4.05 என்றால் 4.1, 4.14 என்றால் 4.1, 4.15 என்றால் 4.2. ஒரே காட்சி, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு முறை ஓடும்.

ஓட்டியதும் 4.05 வரிசை சிவப்பானது. செயலி 4.0 என்று சொன்னது. நிரலில் ஏற்றும் விதி சரியாகவே இருந்தது; கோளாறு எண்ணைச் சேமித்த முறையில் இருந்தது. கணினி பின்ன எண்களை இரும முறையில் வைத்துக்கொள்கிறது. அந்த முறையில் 4.05-ஐத் துல்லியமாகக் குறிக்கவே முடியாது. உள்ளே அது 4.05-ஐவிட இம்மியளவு குறைந்த ஓர் எண். ஆகவே கீழ்ப்படிக்கு இறங்கிவிட்டது. ஜாவாவில் பணக் கணக்குக்கு ஏற்ற பிக்டெசிமல் வகைக்கு மாற்றியதும் வரிசை பச்சையானது. ஒரு நாளில் ஒரு வீட்டுக்குச் சில காசுகள்தான் குறைந்திருக்கும். எல்லா ஊரிலும் எல்லா நாளும் குறைந்திருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. கையால் சோதிப்பவர் 4.0, 4.5 போன்ற வசதியான எண்களையே இடுவார். எல்லைக்கோட்டில் நிற்கும் எண்ணைக் கேட்டு வாங்கியது அந்த அட்டவணை.

சோதனைகள் நம்பகமாக ஓட வேண்டுமானால் அதற்கு ஒரு களம் அமைக்கவேண்டும். அதில் நாங்கள் செலவிட்ட உழைப்பு ஒவ்வொன்றும் பலன் தந்தது. ஒவ்வொரு காட்சிக்கு முன்பும் செயலியின் தரவு முழுவதையும் துடைத்துவிடுவோம். முந்தைய காட்சி விட்டுச்சென்ற பதிவு அடுத்ததைப் பாதிக்கக் கூடாது. ஆண்ட்ராய்டின் டெவலப்பர் அமைப்புகளில் திரை அசைவுக்கான மூன்று அளவுகளையும் அணைத்துவைப்போம். அசைந்துகொண்டிருக்கும் பொத்தானைத் தொட முயன்று தோற்கும் சோதனைகள் அதோடு தீர்ந்தன. தலைமை அலுவலகச் சர்வருக்குப் பதிலாக, கேட்டதற்குச் சொல்லிவைத்த பதிலைத் தரும் போலிச் சர்வர் ஒன்றை நிறுத்தினோம். சீட்டு அடிக்கும் புளூடூத் அச்சு எந்திரத்துக்குப் பதிலாக, அச்சாக வேண்டிய எழுத்துகளை வாங்கி வைத்துக்கொள்ளும் ஒரு போலி வகுப்பை எழுதினோம். சீட்டில் என்ன அச்சானது என்று அதனிடம் கேட்டுச் சரிபார்க்கலாம். உண்மையான அச்சு எந்திரத்தோடு செய்யும் சோதனையைக் கைவிடவில்லை. வெளியீட்டுக்கு முன் அதை ஆட்கள் செய்தார்கள்.

சோதனைக்கான செல்பேசிகள் மேசையில் எந்நேரமும் மின்னிணைப்பிலேயே கிடக்கும். அப்படி மாதக்கணக்கில் கிடந்தால் பேட்டரி உப்பக்கூடும். பின்மூடி தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்த பிறகு, இரவில் இணைப்பைத் துண்டிக்க ஒரு டைமர் பொருத்தினோம். செல்பேசிச் சோதனைக்கூடம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் இதைக் கவனிக்கவேண்டும். உப்பிய பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது.

காத்திருத்தல் என்பது தனிப் பாடம். திரை வரத் தாமதமானால் ‘ஐந்து விநாடி நில்’ என்று எழுதிவிடுவது எளிது. வேகமான கருவியில் அது வீண் நேரம். மெதுவான கருவியில் ஐந்து போதாது. அதனால் சில நாள் தேறி, சில நாள் தவறும் சோதனைகள் பெருகும். ஒரு சோதனை காரணமில்லாமல் தவறத் தொடங்கினால் குழு அதை மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டுக் கடந்துபோகப் பழகிவிடும். பிறகு உண்மையான பிழையையும் அப்படியே கடந்துவிடும். ‘சீட்டுத் திரை தெரியும்வரை காத்திரு, இன்ன நேரத்துக்குள் வராவிட்டால் தோல்வி’ என்று நிபந்தனையோடு காத்திருப்பதே சரி. நிலையில்லாத சோதனையை அன்றே சரிசெய்வது, முடியாவிட்டால் தனியே ஒதுக்கிவைப்பது என்று விதி வைத்தோம். அந்த விதி இல்லாதிருந்தால் எங்கள் சோதனைத் தொகுப்பு ஓராண்டுகூடப் பிழைத்திருக்காது.

காட்சிகளைத் தமிழில் எழுதியதற்கு ஒரு காரணம் உண்டு. அந்த அக்காவிடமும் சூப்பர்வைசர்களிடமும் வாசித்துக் காட்டவேண்டும். கெர்கின் எழுபதுக்கும் மேற்பட்ட மொழிகளை ஏற்கிறது. தமிழும் அதில் உண்டு. கோப்பின் தலையில் மொழி இன்னதென்று ஒரு வரி எழுதிவிட்டால் அம்சம், பின்னணி, காட்சி, எடுத்துக்காட்டுகள் என்ற தலைப்புகளையே குக்கம்பர் புரிந்துகொள்ளும். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் வரவேண்டிய குறிச்சொற்களுக்குப் பதிலாக நட்சத்திரக் குறி இடவும் கெர்கின் அனுமதிக்கிறது. நாங்கள் நட்சத்திரத்தையே பயன்படுத்தினோம். வாக்கியங்கள் பேசுவதுபோல ஓடின. அடுத்த முறை நிலையத்துக்குப் போனபோது காட்சிகளை அச்செடுத்துக்கொண்டு போய் அக்காவிடம் படித்துக் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

“பாலு கெட்டுப்போயிருந்தா திருப்பிக் குடுத்துருவமுங்களே தம்பி, அது எங்க இருக்குதுங்க?”

எங்கள் பட்டியலில் அது இல்லை. திருப்பிக் கொடுத்த பாலுக்கும் பதிவு வேண்டும், தொகை இருக்கக் கூடாது, காரணம் சீட்டில் வரவேண்டும் என்று அவரே விவரம் சொன்னார். எக்செல் தாளைக் காட்டியிருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது.

2015-இல் ஆண்ட்ராய்டு 6 வந்தது. அதுவரை செயலியை நிறுவும்போதே எல்லா அனுமதிகளும் கிடைத்துவிடும். இனி முக்கியமானவற்றை ஓடும்போது ஒவ்வொன்றாகக் கேட்கவேண்டும் என்று கூகுள் மாற்றியது. புளூடூத் வழியாக அருகிலுள்ள கருவிகளைத் தேடுவதற்கும் இருப்பிட அனுமதி தேவை என்றும் ஆயிற்று. நிலையம் நடத்துபவரின் இடத்தில் நின்று யோசித்துப் பார்த்தோம். சீட்டு அடிக்கப் போகும்போது ‘உங்கள் இருப்பிடத்தை அறியலாமா’ என்று திரை கேட்டால், வேண்டாம் என்றுதானே அழுத்துவார்? அழுத்தினால் அச்சு எந்திரம் அகப்படாது. எனவே ‘இருப்பிட அனுமதி மறுக்கப்பட்டால், அது ஏன் தேவை என்று தமிழில் விளக்கம் வரவேண்டும், சீட்டைத் திரையிலாவது காட்டவேண்டும்’ என்று ஒரு காட்சி எழுதினோம்.

எழுதினோமே தவிர ஓட்ட முடியவில்லை. கலாபாஷ் தான் சோதிக்கும் செயலியின் எல்லைக்குள் மட்டும் இயங்கியது. அனுமதி கேட்கும் பெட்டியோ ஆண்ட்ராய்டுக்குச் சொந்தமானது. அதைக் கலாபாஷால் தொடமுடியவில்லை. 2016-இல் ஸாமரினை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. அடுத்த ஆண்டு கலாபாஷுக்கான பணி நிறுத்தப்படுவதாக அறிவிப்பு வந்தது. நாங்கள் ஆப்பியத்துக்கு மாறினோம். டான் குவெல்லார் என்பவர் 2011-இல் ஐஃபோன் செயலிகளுக்காகத் தொடங்கிய முயற்சி அது. பிறகு திறமூலத் திட்டமாக வளர்ந்து 2014-இல் முதல் முழுப் பதிப்பைக் கண்டிருந்தது. இணையதளச் சோதனைக்குப் பயன்படும் வெப்டிரைவர் நெறிமுறையையே செல்பேசிக்கும் நீட்டியது ஆப்பியம். ஆண்ட்ராய்டில் கூகுளின் யூஐ ஆட்டோமேட்டரையும் ஐஃபோனில் ஆப்பிளின் எக்ஸ்.சி.யூ.ஐ. டெஸ்ட்டையும் உள்ளே வைத்து இயக்குவதால், திரையில் எந்தச் செயலியின் பெட்டி நின்றாலும் தொடமுடிந்தது.

மாற்றத்தின்போது எங்கள் கோப்புகள் இரண்டு வகையாகப் பிரிந்தன. பால் ஊற்றுகிறார், சீட்டு அச்சாகிறது, பதிவு சேர்கிறது என்று மனிதரின் செயலைச் சொன்ன காட்சிகளில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அவற்றுக்கு அடியில் வரிகளை நிரலோடு இணைக்கும் அடுக்கும், அதற்கும் கீழே ஒவ்வொரு திரையையும் அறிந்த வகுப்புகளும் இருந்தன. கீழடுக்கை மட்டும் ஆப்பியத்துக்காகத் திருப்பி எழுதினோம். இன்னொரு குழு அவசரத்தில் எழுதிச் சேர்த்த காட்சிகள் சில ‘சேமி பொத்தானைத் தொடு, பட்டியலில் மூன்றாவதைத் தேர்ந்தெடு’ என்று திரையைச் சொல்லின. திரை வடிவமைப்பும் அதே சமயம் மாறியிருந்ததால், அவற்றை மீட்க வழியில்லாமல் தூக்கிப்போட்டார்கள். அதில் ஒரு காட்சி எதற்காக எழுதப்பட்டது என்றே யாராலும் சொல்ல முடியவில்லை.

ஆப்பியத்தில் திரையின் உறுப்புகளைக் கண்டுபிடிக்கப் பார்வையற்றோருக்கான விளக்கக் குறிப்பைப் பயன்படுத்துவது நல்ல வழி. உறுப்பு இருக்கும் வழியைச் சொல்லும் நீண்ட எக்ஸ்பாத் முகவரிகளைவிட வேகமானது, திரை சற்று மாறினாலும் உடையாதது. ஆனால் ஆண்ட்ராய்டில் அந்தக் குறிப்பை டாக்பேக் என்ற திரைவாசிப்பி உரக்கப் படிக்கும். சோதனை வசதிக்காக அதில் புரியாத குறியீட்டை இட்டால், பார்வையற்றவர் காதில் அந்தக் குறியீடுதான் விழும். நாங்கள் ‘சீட்டு அச்சிடு’ என்று மனிதர் கேட்கத் தகுந்த சொல்லையே வைத்தோம். சோதனைக்காகச் செய்த வேலை, பார்வையற்ற ஒருவரும் அந்தச் செயலியைப் பயன்படுத்த வழிவிட்டது.

எல்லாவற்றையும் திரை வழியாகவே சோதிக்கக் கூடாது என்பதையும் அந்த ஆண்டுகள் கற்பித்தன. திரைவழிச் சோதனை மெதுவானது. விலைக் கணக்கின் நூற்றுக்கணக்கான சேர்க்கைகளைத் திரையில் ஓட்டினால் விடிந்துவிடும். அவற்றை நிரலுக்கு நேராகச் சோதித்துவிட்டு, ஒரு மனிதரின் முழுப் பயணத்தைச் சொல்லும் காட்சிகளை மட்டும் செல்பேசியில் ஓட்டினோம். காட்சிகளின் எண்ணிக்கை குறையக் குறைய, அவற்றைப் படிப்பவர்கள் கூடினார்கள்.

கருவிகள் அதன் பிறகும் மாறிக்கொண்டேதான் இருக்கின்றன. 2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12 புளூடூத்துக்கென்று தனி அனுமதியைக் கொண்டுவந்தது; 2023-இல் ஆப்பியம் 2 வந்து அமைப்பு முறையையே மாற்றியது. நாளை வேறொன்று வரும். இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இது: எந்தக் கருவியையும் நிறுவுவதற்கு முன்னால், அந்தச் செயலியை நம்பி வேலை செய்யப்போகும் ஒருவரைத் தேடிப்போங்கள். அவர் வேலை செய்யும் நேரத்தில், அவர் வேலை செய்யும் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். முதல் காட்சியைப் பொத்தானின் பெயர் ஒன்றுகூட வராமல் எழுதுங்கள். எழுதியதை அவருக்கே படித்துக் காட்டுங்கள். அவர் உங்களை நிறுத்தி ‘அது எங்கே?’ என்று கேட்டால், உங்கள் சோதனை சரியான இடத்தில் தொடங்கிவிட்டது.